வேட்டு இல்லாத கல்யாணம்

"துப்பாக்கி வெடிக்காம ஒரு கல்யாணமா? ஊர்ல என்ன பேசுவான் தெரியுமா சம்பந்தி? ஒப்ராத் மகன் பொண்ணைத் திருட்டுத்தனமா இழுத்துட்டு வந்தான்னு பேசுவான்!"

சொல்லிவிட்டு ஒப்ராத் தானே சிரித்தார். அவருக்கு முன்னால் காப்பியும் பிளம் சாராயமும் இருந்தன. பக்கத்தில் அவர் மகன் லசார், வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையாகப் போகிறவன், நாற்காலி நுனியில் உட்கார்ந்து தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். பெண்ணின் அம்மா மிலுன்கா சிரிக்கவில்லை. உட்காரவும் இல்லை. உட்கார்ந்தால் மனசு இளகி விட்டுக்கொடுத்துவிடுவோமோ என்று பயம். அதனால் அடுப்பை ஒட்டிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

செர்பியாவில் எங்கள் மலையடிவாரத்து ஊர்களில் வழக்கம் இதுதான். பெண் வீட்டு முற்றத்தில் எது உயரமான மரமோ, அதன் உச்சியில் ஓர் ஆப்பிளைக் கட்டித் தொங்கவிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் துப்பாக்கியோடு வந்து அதைச் சுட்டு வீழ்த்த வேண்டும். ஆப்பிள் விழாமல் பெண் வாசல்படி தாண்டமாட்டாள். முதல் குண்டிலேயே விழுந்தால் மாப்பிள்ளை சூரன். இருபது குண்டுக்கும் விழாவிட்டால் சிரிப்பாய்ச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே குறி தப்பச் சுடுகிற மகராசன்களும் உண்டு.

"சிரிக்கிறதுக்கு நான் இதைச் சொல்லல," என்றாள் மிலுன்கா. "என் முற்றத்துல ஒரு குண்டும் வெடிக்கக் கூடாது."

"அப்ப ஆப்பிளை எப்படி இறக்குறது? ஊதியா?"

"உங்க மகனுக்குக் கை கால் இருக்குல்ல? மரம் ஏறட்டும். என் பொண்ணு வேணும்னா முட்டி கொஞ்சம் தேயட்டுமே."

லசார் நிமிர்ந்தான். "ஏறுறேன் அத்தை. சின்ன வயசுல ஏறாத மரமா?"

"நீ சும்மா இருடா," என்றார் ஒப்ராத். சாராயத்தை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்க வீட்டுக்காரர் விதோமிருக்காகத்தானே இதெல்லாம்? எனக்குப் புரியுது. ஆனா எத்தனை வருஷம் ஆச்சு சம்பந்தி! இன்னுமா?"

இந்த 'இன்னுமா' இருக்கிறதே, அதைக் கேட்டால் மிலுன்காவுக்கு உள்ளங்காலிலிருந்து எரியும். ரொட்டிக் கடையில் கேட்டார்கள், தேவாலயத்தில் கேட்டார்கள், சொந்த அம்மா சாகும்வரை கேட்டாள். இன்னுமா தூங்கமாட்டேங்கிறான்? இன்னுமா கதவை நாலு தடவை இழுத்துப் பார்க்கிறான்? இன்னுமா சாப்பாட்டுக் கடையில் சுவரோரம்தான் உட்காருவான்? காலை இழந்து வந்தவனைப் பார்த்து 'இன்னுமா முளைக்கல' என்று எவனாவது கேட்பானா?

"ஆமா, இன்னும்தான்," என்றாள். "துப்பாக்கி வந்தா பொண்ணு வராது. அவ்வளவுதான் பேச்சு."

ஒப்ராத் அவளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். மேசை மேலிருந்த ரொட்டியில் கையை வைத்தார். "சரி. துப்பாக்கி ஒண்ணுகூட வராது. இந்த ரொட்டி மேல, உப்பு மேல சத்தியம். போதுமா?"

போதும் என்று அவளும் நம்பினாள். அதுதான் அவள் செய்த தப்பு.

விதோமிர் கெட்டவன் இல்லை, இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஊர் வாயில் அவனுக்கு நல்ல பெயரே இல்லை. கல்யாணமான புதிதில் அவனைப் போலத் தூங்குகிறவனை மிலுன்கா பார்த்ததே இல்லை. லாரி ஓட்டிவிட்டு வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே, ஒரு பூட்ஸ் காலில் இருக்க, தூங்கிவிடுவான். தொண்ணூற்றொன்றாம் வருஷம் இலையுதிர்காலத்தில் வீட்டுக்கு ஒரு சீட்டு வந்தது. லாரி ஓட்டத் தெரிந்தவர்கள் பட்டாளத்துக்கு வேண்டும் என்று கூட்டிப்போனார்கள். டான்யூப் ஆற்றுக்கு அப்பால், முந்தின வருஷம் வரை நம் நாடாக இருந்த மண்ணில், ஒரு ஊரை மூன்று மாதம் குண்டு போட்டு இடித்தார்கள். இடித்தவர்கள் பக்கம்தான் விதோமிர் நின்றான். அது அவனுக்கும் தெரியும். அதுவும் சேர்ந்துதான் அவனைத் தூங்கவிடவில்லை.

அங்கே ஒரு தெருவில் லாரியில் அவன் பக்கத்தில் ஸ்ரேதென் என்று ஒரு பையன், பத்தொன்பது வயசு, சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே இறங்கினான். வானத்தில் ஒரு விசில் சத்தம். 'கீழே படு' என்று விதோமிர் கத்தினான். ஒரு நொடி தாமதமாகக் கத்தினான். அவ்வளவுதான் கதை. இந்தக் கதையை அவன் மிலுன்காவிடம் சொல்லப் பதினான்கு வருஷம் ஆயிற்று, அதையும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

திரும்பி வந்தவனுக்குத் தொலைக்காட்சி என்ன சொன்னது? நம் நாடு எந்தப் போரிலும் இல்லை என்று சொன்னது. இல்லாத போருக்குப் போய் வந்தவனுக்கு என்ன வியாதி வந்துவிடப் போகிறது? நகரத்தில் ஒரு மருத்துவக் குழு முன்னால் நிற்கவைத்தார்கள். மூன்று பேர், ஒரு மேசை, ஏழு நிமிஷம். எல்லை தாண்டினதற்குக் காகிதம் எங்கே என்று கேட்டார்கள். கெட்ட கனவுக்கெல்லாம் காகிதம் கொடுத்தால் நாடு தாங்குமா என்று ஒருவர் மற்றவரிடம் சொல்லிச் சிரித்தார். விதோமிர் மேசையைக் கவிழ்த்துவிட்டு வந்தான். முரடன், குடிகாரன் என்ற பெயர் அதற்கப்புறம் நிலைத்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

குடித்தான், உண்மைதான். குடித்தால் இரண்டு மணிநேரம் தூக்கம் வரும் என்பதற்காகக் குடித்தான். தூக்கத்தில் ஒருமுறை மிலுன்காவின் கழுத்தைப் பிடித்துவிட்டான். விழித்துப் பார்த்துவிட்டு வெளியே ஓடிப்போய் வாந்தியெடுத்தான். அன்றிலிருந்து அவளுக்குத் தனிக் கட்டில். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அவனைக் கட்டிவைக்கச் சொல்வார்கள். கண்ணெதிரே இருக்கிற புருஷனுக்காக ஏங்குகிற கொடுமையை எவளிடம் போய்ச் சொல்வது?

மூன்று வருஷத்துக்கு முன்புதான் ஊர் மருத்துவமனைக்கு ஒரு பெண் டாக்டர் வந்தாள். அவள்தான் முதல்முறையாக அவனை உட்காரவைத்துக் கேட்டாள், கேட்டுவிட்டு வியாதிக்கு ஒரு பெயரும் சொன்னாள். பேரதிர்ச்சிக்குப் பின்னான மனஅழுத்தக் கோளாறு. "சரக்கு ரயில் நீளத்துக்கு இருக்கே பேரு," என்றாள் மிலுன்கா. டாக்டர் சிரித்தாள். "பேரை விடுங்கம்மா. இது பைத்தியம் இல்ல, கோழைத்தனமும் இல்ல. போர் முடிஞ்சுதுன்னு அவர் புத்திக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியல. அது இன்னும் காவல் காத்துட்டு நிக்குது. ஒரு நாள்ல மாறாது. ஆனா மாறும்." வீட்டுக்கு வந்து மிலுன்கா கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து அழுதாள். பத்தொன்பது வருஷமாக இந்த ரெண்டு வாக்கியத்தைச் சொல்ல ஒரு நாய்கூட இல்லாமல் போயிற்றே என்ற ஆத்திரத்தில் அழுதாள்.

விதோமிர் மாறத்தான் செய்தான். குடி குறைந்தது. வாரம் ஒருநாள் பஸ் ஏறி டாக்டரிடம் போனான். மகள் நெவேனாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பொண்ணை நான் வெளிய கூட்டிட்டு வர்றேன்."

நெவேனாவுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. அண்ணனோ தம்பியோ இருந்தால் அவன்தான் மணப்பெண்ணின் கையைப் பிடித்து வாசலிலிருந்து வெளிக்கதவு வரை கூட்டிவந்து மாப்பிள்ளையிடம் ஒப்படைப்பான். இல்லாத வீட்டில் அப்பா. வாசலிலிருந்து வெளிக்கதவுக்கு நாற்பது தப்படி. இருநூறு பேர் பார்க்க, டிரம்பெட் வாத்தியம் முழங்க, நாற்பது தப்படி. கூட்டம் என்றால் ஒதுங்கி ஓடுகிற மனுஷன் ஒரு மாதமாகத் தினமும் காலையில் அந்த நாற்பது தப்படியை நடந்து பழகினான். நெவேனா ஏப்ரனோடு பக்கத்தில் நடப்பாள். "மெதுவாப்பா, நான் ஹீல்ஸ் செருப்பு போட்டு நடக்கணும்ல," என்று கேலி பண்ணுவாள். மிலுன்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல வெங்காயம் நறுக்குவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை விதோமிரின் தம்பி ஷிவோதா வந்தான். வந்ததும் வராததுமாக அடுப்படிக்குள் நுழைந்து கதவைச் சாத்தினான்.

"அண்ணி, நல்லதுக்குச் சொல்றேன். அண்ணனுக்கு டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரையை ரெண்டாக் காப்பியில கரைச்சுக் கொடுத்துடுங்க. படுத்துத் தூங்கட்டும். பொண்ணை நான் கூட்டிட்டு வர்றேன்."

"அவரு ஒரு மாசமா நடந்து பழகியிருக்காரு ஷிவோதா."

"பழகினது காலி முற்றத்துல. இன்னிக்கு எரநூறு பேரு. எவனாவது ஒருத்தன் ஒரு பாட்டிலைக் கீழே போட்டான்னா? அண்ணன் விழுந்து புரண்டா நெவேனாவுக்கு அசிங்கம் இல்லையா? புகுந்த வீட்டுல காலம் பூரா சொல்லிக் காட்டுவாங்க. யோசிங்க அண்ணி."

யோசித்தாள். இதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை, மிலுன்கா யோசிக்கத்தான் செய்தாள். இரண்டு மாத்திரையைக் கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கிக் காப்பியில் போட்டுக் கலக்கி எடுத்துக்கொண்டு போனாள். விதோமிர் கண்ணாடி முன்னால் வெள்ளைச் சட்டையில் நின்றான். வழவழவென்று சவரம் செய்திருந்தான், ஒரு கீறல் இல்லை. கை நடுங்காமல் அவன் சவரம் செய்துகொண்டதை அவள் பார்த்து வருஷக் கணக்காயிற்று.

"மிலுன்கா, நேத்து ராத்திரி மாத்திரையை நான் போடல," என்றான், ஏதோ திருட்டுத்தனத்தை ஒப்புக்கொள்வது மாதிரி. "போட்டா காலையில கால் தள்ளாடுது. இன்னிக்குக் கால் தள்ளாடக் கூடாதுல்ல?"

அவள் கையில் காப்பி. "ஆறிப்போச்சு, வேற போட்டுட்டு வர்றேன்யா," என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். கொல்லைக்குப் போய் அதைச் சாம்பல் குழியில் கொட்டினாள். பாதகத்தி, நீயுமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஷிவோதாவை அடுப்படிப் பக்கம் வராதே என்று விரட்டினாள்.

பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன. கொடி பிடிக்கிறவன் முன்னால், டிரம்பெட்காரர்கள் பின்னால். வந்தவர்கள் சட்டையிலெல்லாம் பெண்கள் ரோஸ்மேரிக் கொத்தைக் குத்திவிட்டார்கள். முந்தின நாள் மழை பெய்திருந்ததால் முற்றம் சேறு. மிலுன்கா ஒவ்வொரு காராகப் போய் எட்டிப் பார்த்தாள். வெட்கப்படவில்லை. ஒரு துப்பாக்கியும் இல்லை.

"என்ன சம்பந்தி, சுங்கச் சாவடி போட்டுட்டீங்க?" என்று ஒப்ராத் சிரித்தார். "சொன்ன சொல் மாறமாட்டான் இந்த ஒப்ராத்."

லசார் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பூட்ஸையும் கழற்றிவிட்டு, வால்நட் மரத்தில் ஏறினான். "விழுந்தா பொண்ணுக்கு வேற மாப்பிள்ளை ரெடிடா!" என்று கீழேயிருந்து ஒருவன் கத்தினான். "ரெடியா இருக்கிறவன் முதல்ல தன் மூஞ்சியைக் கண்ணாடியில பார்க்கட்டும்டா!" என்று மேலேயிருந்து லசார் கத்தினான். சட்டை கிழிந்தது, முழங்கை சிராய்த்தது, ஆப்பிளைப் பறித்துப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கினான். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. சுட்டு வீழ்த்தின எந்த ஆப்பிளுக்கும் இப்படிச் சிரிப்பை மிலுன்கா கேட்டதில்லை. அவளும் சிரித்தாள்.

கதவு திறந்தது. விதோமிர் வந்தான், கையில் மகள் கை. வெள்ளை உடுப்பில் நெவேனா. முதல் தப்படி, இரண்டாவது, மூன்றாவது. மிலுன்காவின் உதடு அவளை அறியாமல் எண்ணிக்கொண்டிருந்தது. பத்து. அவன் தலை நிமிர்ந்திருந்தது. பதினைந்து. ஒரு கிழவியைப் பார்த்துத் தலையைக்கூட அசைத்தான். இருபத்தொன்று.

ஒப்ராத் வேலிப் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார்.

வேலிக்கு அந்தப் பக்கம் மூன்று இரும்புக் குழாய்களை மண்ணில் நட்டு வைத்திருந்தார்கள். தேவாலயத் திருவிழாவுக்குப் போடுகிற அதிர்வேட்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று வெடித்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. கோழிகள் கூரைக்குப் பறந்தன.

"கீழ படு!"

அந்தக் குரலை மிலுன்கா இருட்டில் மட்டும்தான் கேட்டிருக்கிறாள். விதோமிர் மகளைச் சேற்றில் தள்ளி, அவள் மேல் விழுந்து, தன் முதுகால் முழுசாக மூடிக்கொண்டான். அவள் தலையை இரண்டு கையாலும் பொத்தினான். "தலையைத் தூக்காதே! எவனும் தூக்காதே! ஸ்ரேதென், படுடா, படு, படு!"

டிரம்பெட் நின்றது. யாரோ ஒருவன் சிரித்தான். பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டான். "காலையிலேயே ஊத்திட்டாரா?" என்று இன்னொரு குரல். ஷிவோதா அண்ணனைத் தூக்க ஓடினான்.

"தொடாதீங்க சித்தப்பா!" அப்பாவின் உடம்புக்கு அடியிலிருந்து நெவேனாவின் குரல் வந்தது. நடுங்கவில்லை. "யாரும் கிட்ட வராதீங்க. ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம்." அப்புறம் தாழ்ந்த குரலில், குழந்தைக்குச் சொல்வதுபோல இல்லாமல், சாதாரணமாக: "அப்பா, நான் நெவேனா. இது நம்ம முற்றம். வருஷம் ரெண்டாயிரத்துப் பதிமூணு. செப்டம்பர். முந்தாநாள் நீ கிணத்துக்குப் புது மூடி போட்டே, ஞாபகம் இருக்கா? சேறு ஜில்லுன்னு இருக்கு பாரு. அது நம்ம சேறு." ஆறு வயசிலிருந்தே அவளுக்கு இது பழக்கம். அப்பாவைத் தொட்டு எழுப்பக் கூடாது, கால்மாட்டில் தள்ளி நின்று கூப்பிட வேண்டும், எங்கே இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். மற்ற பிள்ளைகள் எழுத்துப் படித்த வயசில் அவள் இதைப் படித்தாள்.

மாத்திரையைக் கொடுத்திருக்கலாமோ என்று மிலுன்காவுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றினதுதான் தாமதம், ரத்தம் தலைக்கு ஏறியது. மாத்திரை இவனுக்கு எதற்கு? இவன் என்ன தப்புச் செய்தான்? இருபத்தொரு தப்படி நடந்தானே!

"நான் துப்பாக்கி கொண்டுவரலையே!" ஒப்ராத் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. "சொன்ன சொல்லைக் காப்பாத்தினேனே சம்பந்தி! இது வெறும் வேட்டுதானே. திருவிழா வேட்டு. சின்னப் பிள்ளைங்க கைதட்டுற வேட்டு. துப்பாக்கின்னாதான் அவருக்கு ஆகாதுன்னு நெனச்சேன்..." பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. பாதிரியார் காத்துட்டிருக்காரு. அவரை உள்ள கூட்டிட்டுப் போங்க. ஷிவோதா, நீ பொண்ணைக் கூட்டிட்டு வா."

"யோவ் ஒப்ராத்!"

சம்பந்தி என்பதெல்லாம் போயிற்று. மிலுன்கா அவருக்கும் சேற்றில் கிடக்கிறவர்களுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"வெறும் வேட்டா? துப்பாக்கிக்குப் பயந்தா இந்த ஆளு கிடக்குறாருன்னு நெனச்சே? தனக்கு ஏதாவது ஆயிடும்னா விழுந்தாரு? கண்ணைத் திறந்து பாருய்யா! என் பொண்ணு மேல கிடக்குறாரு. குண்டு அவரு முதுகுல விழட்டும்னு கிடக்குறாரு. உன் மருமக மேல இப்ப நெசமாவே குண்டு விழுந்திருந்தா இந்த எரநூறு பேருல எவன் விழுந்திருப்பான் அவ மேல? நீ விழுந்திருப்பியா?"

"நான் வேணும்னு செய்யல..."

"வேணும்னு செய்யல! இருபத்திரண்டு வருஷமா யாருமே வேணும்னு செய்யலய்யா! சீட்டு அனுப்பினவன் வேணும்னு செய்யல, காகிதம் கேட்டவன் வேணும்னு செய்யல, எல்லாரும் சிரிச்சீங்களே, அதுவும் வேணும்னு இல்ல! தொண்ணூத்தொண்ணுல சீட்டு வந்தப்போ நீ எங்கேய்யா இருந்தே? வாயைத் திறந்து சொல்லேன். உன் பேரும் அதே பட்டியல்லதான் இருந்துது, நீயும் லாரி டிரைவர்தான். மாட்டுக்கொட்டகைப் பரண்ல வைக்கோலுக்குள்ள நாப்பது நாள் படுத்திருந்தே. உன் பெண்டாட்டி பால்வாளியில ரொட்டி மறைச்சு எடுத்துட்டு வந்து போடுவா. ரெண்டு ஊர்ப் பெருசுங்களுக்கும் தெரிஞ்ச விஷயம்தானே!"

லசார் அப்பாவைப் பார்த்தான். பையனுக்கு இது தெரியாது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"நீ ஒளிஞ்சதைக் குத்தம் சொல்லல," என்றாள் மிலுன்கா. அவள் குரல் உடைந்தது, உடைந்த குரலோடு இன்னும் சத்தமாகப் பேசினாள். "ஒளிஞ்சது நல்லது. உன் பெண்டாட்டியைப் பார்த்து நான் வயிறெரிஞ்சிருக்கேன். அவளுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லாமப் போச்சே! நான் என்ன பண்ணேன் தெரியுமா? இவருக்குச் சட்டையை இஸ்திரி போட்டேன். வழியில பசிக்கும்னு கோழி வறுத்துக் கட்டிக் கொடுத்தேன். கையைக் காட்டி அனுப்பிச்சு வெச்சேன், பாவி! சத்தத்துக்குப் பயந்து பரண் ஏறினவன் நீ. அந்தச் சத்தம் என்னன்னு இந்தக் கூட்டத்துலயே நல்லாத் தெரிஞ்சவன் நீ. அதையே வண்டியில ஏத்தி என் முற்றத்துக்குக் கொண்டுவர உனக்கு எப்படிய்யா மனசு வந்தது?"

ஒப்ராத் ஓரடி பின்னால் போனார்.

பின்னால் சேறு சளசளத்தது. விதோமிர் எழுந்து மண்டியிட்டிருந்தான். மகளைப் பார்த்தான். வெள்ளை உடுப்பு நெஞ்சிலிருந்து பாதம்வரை கறுப்பாகியிருந்தது. தலையில் வைத்த பூ நசுங்கிப் போயிருந்தது. அவன் தன் கைகளைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான்.

"ஷிவோதா," என்றான், கேட்குமா கேட்காதா என்ற குரலில். "நீயே கூட்டிட்டுப் போயிடு."

அதைக் கேட்டு மிலுன்கா அவன் பக்கம் திரும்பினாள். கத்தினதெல்லாம் எதற்கு? இவன் இப்போது உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் இனி எந்த டாக்டரும் திறக்க முடியாது. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

நெவேனா எழுந்தாள். சேற்றுக் கையால் அப்பாவின் சேற்றுக் கையைப் பிடித்தாள். "சித்தப்பா வேண்டாம். நாம முதல்ல இருந்து நடப்போம்பா. வாசல்லேர்ந்து." சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்துத் திரும்பினாள்.

"திரும்பாதேடி!" என்று கத்தினது மிலுன்காதான்.

மணப்பெண் வாசல் தாண்டிவிட்டால் திரும்பிப் பார்க்கவே கூடாது. திரும்பிப் பார்த்தவள் வாழாமல் திரும்பி வருவாள் என்பது எங்கள் ஊரில் மூன்று வயசுப் பிள்ளைக்கும் தெரியும். வீட்டுக்குள் திரும்பிப் போன மணப்பெண்ணை இதுவரை கண்டவர் இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஊர் வழக்கத்தை இவ்வளவு நேரம் காறித் துப்பின மிலுன்காவின் கையும் தானாகச் சிலுவை போடப் போயிற்று.

நெவேனா நின்றாள். அம்மாவைப் பார்த்தாள். அப்பாவின் கையை மட்டும் விடவில்லை.

நாசமாய்ப் போக, என்று மிலுன்கா வாய்விட்டே சொன்னாள். வழக்கமாம் வழக்கம். விறுவிறுவென்று போய், வீட்டுக் கதவைத் தன் கையாலேயே விரியத் திறந்தாள். அப்பாவும் மகளும் உள்ளே போனார்கள். அவள் கதவைச் சாத்தி, அதன் முன்னால் படியில் நின்றுகொண்டாள்.

பத்து நிமிஷம் ஆயிற்று. பதினைந்து. பாதிரியாரிடமிருந்து போன் வந்தது. யாரோ ஒருவன் எடுத்து, வருகிறோம் என்று முணுமுணுத்தான். லசார் கிழிந்த சட்டையோடு வேலியைத் தாண்டிப் போனான். மூன்று இரும்புக் குழாயையும் மண்ணிலிருந்து பிடுங்கிக் காரின் பின்பெட்டியில் போட்டுப் பூட்டினான். அப்பாவின் பக்கம் திரும்பவில்லை. ஒப்ராத் படியருகே வந்தார். கூட்டத்துக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"வருவாரா?"

"இருபத்திரண்டு வருஷமா நான் காத்திருக்கேன்," என்றாள் மிலுன்கா. "நீ ஒரு அரைமணி நேரம் காத்திரு. செத்துடமாட்டே."

உள்ளே கைப்பிடி திரும்பியது. அவள் விலகினாள்.

நெவேனா உடுப்பை மாற்றவில்லை. முகத்தை மட்டும் கழுவியிருந்தாள். விதோமிர் முகமும் கழுவியிருந்தது, தலைமுடி ஈரமாக வாரியிருந்தது. அவன் வெளுத்துப்போயிருந்தான், தாடை இறுகியிருந்தது, கை நடுங்குவது இருநூறு பேருக்கும் தெரிந்தது. மகள் அதை மறைக்கவில்லை. டிரம்பெட்காரன் வாத்தியத்தைத் தூக்கினான், லசார் தலையை அசைத்ததும் இறக்கிவிட்டான். சேற்றில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. இருபத்தொன்றாவது தப்படியில் அவன் நின்றான். மூச்சை இழுத்து விட்டான். நடந்தான். மிலுன்கா எண்ணுவதை விட்டுவிட்டாள், கண்ணில் ஒன்றும் தெரியவில்லை.

வெளிக்கதவருகே விதோமிர் மகளின் கையை எடுத்து லசாரின் கையில் வைத்தான். "தூக்கத்துல இவ உதைப்பா, பொறுத்துக்கோ," என்றான். லசாருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிறகு விதோமிர் ஒப்ராத்தின் பக்கம் திரும்பினான். அடித்துவிடப் போகிறான் என்று நினைத்து ஷிவோதா ஓரடி முன்னால் வந்தான்.

விதோமிர் கையை ஓங்கவில்லை. அவ்வளவு நேரமாகக் கதவுக்குப் பின்னால் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தவன் போல, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டான்.

"சம்பந்தி, அந்தப் பரண்ல இன்னொரு ஆளுக்கு இடம் இருந்துதா?"

ஒப்ராத் தொப்பியைக் கழற்றினார்.

"இருந்துது," என்றார்.